கப்பல் கிளம்பிருச்சு, பெட்டி கஸ்டம்ஸ்ல நிக்குது: எங்க தப்பு பண்ணேன்?

#1 · பர்ச்சேஸ்_புதுசு

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கப்பல் நிர்வாக ஆபீஸ்ல பர்ச்சேஸ் பக்கம் சேர்ந்து 4 மாசம் ஆகுது. முதல் பெரிய சொதப்பல் நடந்திருக்கு. ஆபீஸ்ல கேட்டா திட்டுதான் கிடைக்குது, பதில் கிடைக்கல. அதான் இங்க வந்துட்டேன்.

மெயின் எஞ்சினுக்கு ஃப்யூவல் பம்ப் பிளஞ்சர்-பேரல் 2 செட், எக்ஸாஸ்ட் வால்வ் ஸ்பிண்டில் 1, கூட கொஞ்சம் ஓ-ரிங். ஒரே மரப்பெட்டி, 94 கிலோ. கப்பல் 5 நாள்ல துறைமுகம் வருதுன்னு அவசரத்துக்குக் கூரியர்ல போட்டேன். பெட்டி மூணாவது நாளே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துருச்சு. அதுக்கப்புறம் 'கிளியரன்ஸ் டிலே'ன்னு ஒரே வரி, 6 நாளா அதே வரி. கப்பல் வந்துச்சு, சரக்கை இறக்குச்சு, 31 மணி நேரத்துல கிளம்பிப் போயிருச்சு. பெட்டி கூரியர் கோடவுன்லயே இருக்கு.

அந்தத் துறைமுகத்துல எங்க கப்பல் வேலையைப் பார்க்கற ஏஜென்ட் 'இன்வாய்ஸை மாத்திக் கொடுங்க'ங்கறார். கூரியர்காரங்க 'இறக்குமதியாளர் பதிவு எண் என்ன'ங்கறாங்க. அந்த நாட்ல எங்களுக்கு ஆபீஸே கிடையாது, எண்ணுக்கு எங்க போறது? அடுத்த துறைமுகம் வேற நாடு, இன்னும் 11 நாள் இருக்கு. நான் எங்க தப்பு பண்ணேன்? இப்ப என்ன செய்யணும்?

#2 · கிளியரிங்கண்ணன்

முதல்ல மூணு விஷயம் சொல்லுங்க தம்பி. இன்வாய்ஸ்ல பொருளோட பேரு என்னன்னு இருக்கு? பெறுநர் இடத்துல யார் பேரு? மதிப்பு எவ்வளவு போட்டிருக்கு? இந்த மூணுலதான் எங்கேயோ இருக்கும்.

#3 · பர்ச்சேஸ்_புதுசு

பேரு: 'ஸ்பேர் பார்ட்ஸ் ஃபார் ஷிப்', 1 பெட்டி. பெறுநர்: ஏஜென்ட் கம்பெனி பேரு, கீழ 'அட்டென்ஷன்'ல கப்பல் பேரு. மதிப்பு: ஒரு பிளஞ்சர் செட் வாரன்ட்டில வந்தது, அதனால மேக்கர் அதுக்கு 0 போட்டு 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்'னு எழுதியிருந்தாங்க. மத்ததுக்கு சரியான விலை.

#4 · செகண்ட்_ஜி

மூணுமே தப்பு. ஹாட்ரிக்.

(கோவிச்சுக்காதீங்க. நான் கப்பல்ல இருக்கற ஆளு. அந்தப் பெட்டிக்காகத்தான் எஞ்சின் ரூம்ல யாரோ ஒருத்தன் பழைய பிளஞ்சரையே துடைச்சுப் போட்டுட்டு ஓட்டிக்கிட்டிருப்பான்.)

#5 · கிளியரிங்கண்ணன்

செகண்ட் சொன்னது சரிதான், ஆனா புதுசா வந்த யாருமே இந்த மூணையும் ஒரு தடவையாவது பண்ணியிருப்பாங்க. ஏன்னு சொல்றேன்.

ஒரு நாட்டுக்குள்ள பொருள் வந்தா அது அங்கயே தங்கப்போகுதுன்னுதான் கஸ்டம்ஸ் முதல்ல நினைக்கும். தங்கினா வரி. கப்பல் பாகம் அந்த நாட்ல தங்கறதில்ல. ஏர்போர்ட்ல இறங்கும், வண்டில ஏறும், துறைமுகத்துல கப்பலுக்குப் போகும், கப்பலோட வெளியே போயிரும். அதனாலதான் பெரும்பாலான நாடுகள்ல வெளிநாட்டுப் பயணக் கப்பலுக்குப் போற பாகத்தை வரியில்லாம டிரான்சிட்ல விடுறாங்க. அதுக்கு அவங்க எதிர்பார்க்கறது மூணு. இந்தப் பொருள் இந்தக் கப்பலுக்குத்தான்னு காகிதம் சொல்லணும். வழியில காணாமப் போனா வரி கட்டறதுக்கு ஒருத்தர் பாண்டோ கேரன்ட்டியோ வெச்சிருக்கணும். கடைசியில கப்பல்ல ஏறிருச்சுன்னு கேப்டனோ சீஃப் ஆபீசரோ முத்திரை போட்ட ரசீது வரணும். ரசீது வந்தாதான் பாண்ட் மூடும்.

உங்க காகிதத்துல பெறுநர் உள்ளூர் ஏஜென்ட். அதைப் படிக்கற ஆளுக்கு ஒரு உள்ளூர்க் கம்பெனி இயந்திர பாகம் இறக்குமதி பண்ணுதுன்னுதான் தெரியும். கூரியரோட சிஸ்டமும் அதைச் சாதாரண இறக்குமதியாவே பதிவு பண்ணிருச்சு. அதான் பதிவு எண் கேக்கறாங்க. அவங்க மேலயும் முழுசா தப்பு சொல்ல முடியாது.

பெறுநர் இப்படி இருக்கணும்: 'மாஸ்டர் ஆஃப் எம்.வி. இன்னார்', அடுத்த வரில 'ஷிப் ஸ்பேர்ஸ் இன் டிரான்சிட்', அதுக்குக் கீழ கேர் ஆஃப் ஏஜென்ட் முகவரி. கப்பலோட ஐ.எம்.ஓ. எண்ணும் போடுங்க. கப்பல் பேரு மாறும், கொடி மாறும், அந்த 7 இலக்க எண் மட்டும் கப்பல் உடையற வரைக்கும் மாறாது. இது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) மூணுலயும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். சில துறைமுகங்கள்ல ஏஜென்ட் பேரே பெறுநரா வரணும்னு கேப்பாங்க. அதனால பெட்டி கிளம்பறதுக்கு முன்னாடியே ஏஜென்ட்கிட்ட 'ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்ஷன் அனுப்புங்க'ன்னு ஒரு மெயில் போட்டுருங்க.

#6 · கப்பல்மாமா

நான் 34 வருஷம் கடல்ல இருந்தவன், இப்ப ஓய்வு. எங்க காலத்துல 'ஷிப் ஸ்டோர்ஸ்'னு ஒரு வார்த்தை எழுதினா போதும், எல்லாம் போயிரும். இப்ப ஆளாளுக்கு ஒரு ஃபார்ம்.

#7 · வரிப்புத்தகம்

மாமா, அந்த வார்த்தையே இப்போது சிக்கலைக் கொண்டுவரும். கஸ்டம்ஸ் நடைமுறைகளுக்கான திருத்தப்பட்ட கியோட்டோ ஒப்பந்தத்தில் 'ஸ்டோர்ஸ்' என்பதற்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தில் எரிபொருளும் உயவு எண்ணெயும் வரும். உதிரி பாகங்களும் கருவிகளும் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கின்றன. கப்பல் போக்குவரத்து நடைமுறைகளை எளிதாக்கும் 1965ஆம் ஆண்டின் எஃப்.ஏ.எல். ஒப்பந்தத்திலும் உதிரி பாகத்துக்குத் தனி விளக்கம் உண்டு: எந்தக் கப்பலில் எடுத்துச் செல்லப்படுகிறதோ அந்தக் கப்பலிலேயே பொருத்துவதற்கான, பழுதுபார்க்கவோ மாற்றவோ உதவும் பொருள். லைஃப்போட், அறைகலன் போன்றவை 'கருவி' என்ற வேறு வகை.

ஆகவே அரிசி, பெயின்ட், பிளஞ்சர் மூன்றையும் ஒரே இன்வாய்ஸில் 'ஸ்டோர்ஸ்' என்று எழுதினால், மூன்றுக்கும் வெவ்வேறு நடைமுறை உள்ள நாட்டில் மூன்றும் சேர்ந்தே நிற்கும்.

'ஸ்பேர் பார்ட்ஸ்' என்ற பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விமானத்தில் போகும் சரக்குக்கு 2023 மார்ச் 1 முதல் ஐசிஎஸ்2 என்ற முன்னறிவிப்பு முறை நடப்பில் இருக்கிறது. சரக்கு போய்ச் சேரும் முன்பே 6 இலக்க எச்.எஸ். கோடும் (பொருள்களை வகைப்படுத்த உலகெங்கும் கஸ்டம்ஸ் பயன்படுத்தும் எண்), பொருளை அடையாளம் காட்டும் பெயரும் கொடுத்தாக வேண்டும். வெறும் 'பார்ட்ஸ்' என்பது அவர்கள் ஏற்காத பெயர்களில் ஒன்று. மற்ற நாடுகளும் இந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

#8 · பர்ச்சேஸ்_புதுசு

எச்.எஸ். கோடுக்கு சீனியர் ஒருத்தர் '89ஆம் அத்தியாயம் கப்பல், அதுல ஒண்ணு போட்டுரு'ன்னார். அப்படித்தான் போட்டேன். அதுவும் தப்பா?

#9 · வரிப்புத்தகம்

தப்பு. ஆனால் பலரும் செய்யும் தப்பு. 86, 87, 88ஆம் அத்தியாயங்களில் ரயில், மோட்டார் வண்டி, விமானம் ஆகியவற்றின் பாகங்களுக்குத் தலைப்புகள் உண்டு. 89இல் கப்பல் பாகங்களுக்கென்று தலைப்பே கிடையாது. ஒவ்வொரு பாகமும் தன் சொந்த இயல்புப்படி வேறு அத்தியாயத்துக்குப் போய்விடும்.

உங்கள் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். எக்ஸாஸ்ட் வால்வ் ஸ்பிண்டில் டீசல் எஞ்சின் பாகம், 8409.99. பிளஞ்சர்-பேரல் ஃப்யூவல் பம்பின் பாகம், பம்புகள் இருக்கும் 8413இல் பாகங்களுக்கான 8413.91. ரப்பர் ஓ-ரிங் இயந்திரத்துக்கே போனாலும் ரப்பர் பொருள்தான், 4016.93. அதே ஓ-ரிங், காப்பர் வாஷர், ஃபைபர் கேஸ்கெட் எனப் பல வகை கலந்து ஒரே பையில் செட்டாக வந்தால் 8484.90. ப்ரொப்பெல்லர் 8487.10. நங்கூரம் 7316. ஒரே கப்பலுக்குப் போகும் ஒரே பெட்டிக்குள் நான்கு அத்தியாயங்கள் இருப்பது சாதாரணம்.

'டிரான்சிட்டில்தானே போகிறது, வரியே இல்லையே, கோடு எதுவானால் என்ன' என்று கேட்பார்கள். கேரன்ட்டித் தொகையைக் கணக்கிடுவது அந்தக் கோடை வைத்துத்தான். ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருளா என்று பார்ப்பதும் அங்கிருந்துதான் தொடங்கும். மேக்கரிடம் கேளுங்கள், பெரும்பாலும் அவர்கள் இன்வாய்ஸிலேயே கோடு இருக்கும்.

#10 · செகண்ட்_ஜி

மதிப்பு 0 விஷயத்தை யாரும் தொடலையே. எங்க ஆபீஸ்லயும் வாரன்ட்டி பீஸ்னா 0ன்னுதான் வரும், சிலது 1ன்னு வரும். ஒரு தடவை டர்போசார்ஜர் ரோட்டரோட மதிப்பு 1ன்னு வந்துச்சு. கஸ்டம்ஸ் ஆபீசர் அதைப் பார்த்துட்டு, 'இந்த விலைக்கு எனக்கும் நாலு வாங்கிக் கொடுங்க'ன்னு ஏஜென்ட்கிட்ட சொன்னாராம்.

#11 · கிளியரிங்கண்ணன்

இலவசமா வந்தாலும் பொருளுக்கு மதிப்பு உண்டு. நீங்க காசு கொடுத்தீங்களாங்கறது கஸ்டம்ஸுக்குத் தேவையில்ல, பொருள் என்ன பெறும்ங்கறதுதான் தேவை. வழக்கமா விக்கற விலையைப் போட்டு, கீழ 'கஸ்டம்ஸ் நோக்கத்துக்காக மட்டும் காட்டிய மதிப்பு, பணம் செலுத்த வேண்டியதில்லை'ன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அது போதும்.

குறைச்சுக் காட்டுங்கன்னு சிலர் சொல்வாங்க. காது கொடுக்காதீங்க. டிரான்சிட்ல வரியே இல்லாதப்ப குறைச்சுக் காட்டி என்ன லாபம்? பொருள் தொலைஞ்சா இன்ஷூரன்ஸ்காரன் அந்தக் குறைச்ச மதிப்பைத்தான் தூக்கி முன்னாடி வைப்பான்.

#12 · அட்டைப்பெட்டி

நான் பேக்கிங் பக்கம் இருக்கறவ. மரப்பெட்டின்னு சொன்னீங்களே தம்பி, அதுல முத்திரை இருந்துச்சா?

பலகை மரம்னா, மரத்தோட பூச்சி நாடு விட்டு நாடு பரவாம இருக்கறதுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 விதிப்படி பதப்படுத்தணும். மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி தொடர்ந்து 30 நிமிஷம் நிக்கணும். அப்புறம்தான் கோதுமைக் கதிர் மாதிரி இருக்கற அந்த முத்திரை, நாட்டுக் குறியீடு, 'எச்.டி.' எழுத்து எல்லாம் குத்துவாங்க. முத்திரை இல்லாத பெட்டியைத் திருப்பி அனுப்பலாம், எரிச்சும் போடலாம். உள்ள இருக்கற பாகத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா வேற பெட்டி மாத்தற வரைக்கும் அது நகராது. ப்ளைவுட்டுக்கு இந்தத் தொல்லை இல்ல. ஆனா ப்ளைவுட் பெட்டிக்கு அடியில முத்திரை இல்லாத ரெண்டு கட்டையை ஆணி அடிச்சு வெச்சு மாட்டிக்கிட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, பெட்டியோட அளவு. காத்தையும் எடை போட்டுத்தான் விமானத்துல ஏத்துவாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 6000ஆல வகுங்க, ஏர் ஃப்ரெய்ட் கணக்கு அது. கூரியர்காரங்க பொதுவா 5000ஆல வகுப்பாங்க. போன வாரம் கேஸ்கெட்டும் ஃபில்டரும் போன பெட்டி 110×110×90. உள்ள இருந்தது 48 கிலோ. ஏர் ஃப்ரெய்ட் கணக்குல 181.5 கிலோ, கூரியர் கணக்குல 217.8 கிலோ. ஃபில்டரைத் தனியா அட்டைப்பெட்டில போட்டிருந்தா பாதிகூட வந்திருக்காது. உயரத்தையும் பார்த்துக்கோங்க. பயணி விமானத்தோட வயித்துல சுமார் 160 சென்டிமீட்டருக்கு மேல நிக்காது. அதைத் தாண்டினா சரக்கு விமானம்தான், அது தினமும் எல்லா ஊருக்கும் போகாது.

உங்க பிளஞ்சர் எப்படி வெச்சிருந்தாங்க? பிளஞ்சரும் பேரலும் ஜோடி. ஒண்ணோட பிளஞ்சர் இன்னொண்ணோட பேரலுக்குப் போகக்கூடாது. ஜோடி ஜோடியா துருத் தடுப்புக் காகிதம் சுத்தி தனித்தனிப் பையில இருக்கணும். ஸ்பிண்டிலுக்கு ரெண்டு முனையிலயும் மரத்துல வளைவு வெட்டித் தாங்கணும், சீட் பக்கம் எதுலயும் படக்கூடாது. சிலிண்டர் லைனர் மாதிரி டன் கணக்குல வர்றதுக்கு கிரேன் எங்க கோக்கணும், ஈர்ப்பு மையம் எங்கன்னு பெட்டி மேலயே குறிச்சிருக்கணும். கப்பல் பக்கத்துல படகு ஆடும்போது யாரும் உக்காந்து கணக்குப் போட மாட்டாங்க.

#13 · செகண்ட்_ஜி

அக்கா சொன்னதுல கடைசி வரியை ஃபிரேம் போட்டு மாட்டணும்.

எங்க பக்கத்துக் கதை வேற. நங்கூரத்துல நிக்கறோம், ராத்திரி 2 மணிக்குப் படகு வருது, 9 பெட்டி. ஒண்ணுலயும் வெளிய ரெக்விசிஷன் நம்பர் (கப்பல்ல இருந்து பொருள் கேட்டு அனுப்பற சீட்டோட எண்) இல்ல. எது எஞ்சின், எது டெக், எது கேலி (கப்பல் சமையலறை), ஒண்ணும் தெரியாது. தேர்ட் எஞ்சினியர் எல்லாத்தையும் பிரிச்சு எல்லாத்துக்கும் ரசீது எழுதறான். படகுக்காரன் கீழ இருந்து கத்தறான். தயவுசெஞ்சு பெட்டியோட நாலு பக்கமும் கப்பல் பேரு, ரெக்விசிஷன் நம்பர், டிபார்ட்மென்ட், '9இல் 3' மாதிரி வரிசை எண், எடை எழுதுங்க. உள்ள ஒவ்வொரு பீஸ்லயும் மேக்கரோட பாக எண் இருக்கற சீட்டு.

#14 · கப்பல்மாமா

இவ்வளவு எதுக்கு? பிளஞ்சர் சின்னப் பொருள். அடுத்த துறைமுகத்துல யாராவது கப்பல்ல சேரப் போறாங்களா பாரு. அவன் பையில ஒரு செட்டைக் கொடுத்து அனுப்பு. நாங்க எத்தனையோ தடவை பண்ணியிருக்கோம்.

#15 · செகண்ட்_ஜி

மாமா, நானே கொண்டுபோயிருக்கேன், இன்ஜெக்டர் நாசில் 6. எக்ஸ்ரேல அது எப்படித் தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. தனி ரூம்ல 3 மணி நேரம். கனெக்டிங் ஃபிளைட் போயிருச்சு. நாசிலும் வரல, எஞ்சினியரும் வரலன்னு கேப்டன் ரெண்டு மெயில் போட்டார்.

#16 · கிளியரிங்கண்ணன்

மாமா சொல்றது நடக்கற விஷயம்தான், ஆனா முறை தெரிஞ்சு செய்யணும். பயணியோட சொந்த சாமானுக்குத்தான் வரிச் சலுகை. எஞ்சின் பாகம் வணிகச் சரக்கு, பையில இருந்தாலும் சரக்குதான். பச்சை வழியில நடந்து போனா அது மறைச்சுக் கொண்டு வந்த கணக்கு. இன்வாய்ஸ், கப்பல் கம்பெனி கடிதம், அவர் சேரப்போற கப்பல் விவரம் எல்லாம் கையில வெச்சுக்கிட்டு சிவப்பு வழியில போய் அறிவிக்கணும். வெளிய ஏஜென்ட் காத்திருக்கணும். சில நாடுகள்ல அப்பவும் விட மாட்டாங்க, வாங்கி வெச்சுக்கிட்டு டிரான்சிட் காகிதம் போட்டுத்தான் கொடுப்பாங்க. முன்னாடியே ஏஜென்ட் 'சரி'ன்னு எழுத்துல சொல்லாம பையனை மாட்டி விடாதீங்க. மாட்டினா கேஸ் பையன் பேருலதான் வரும், ஆபீஸ் பேருல வராது.

இதுக்குன்னே கையில எடுத்துட்டுப் போற கூரியர் சேவை இருக்கு. கப்பல் நின்னு போற அளவுக்கு அவசரம்னா அந்தச் செலவு நியாயம்தான்.

#17 · கப்பல்மாமா

சரி சரி. காலம் மாறிப்போச்சு. ஆனா எங்க காலத்துல எஞ்சின் நின்னதில்ல.

#18 · செகண்ட்_ஜி

நின்னதை லாக்புக்ல எழுதியிருக்க மாட்டீங்க மாமா 😄

#19 · வரிப்புத்தகம்

புதுசா வந்த தம்பிக்கு இன்னொரு எச்சரிக்கை, இந்தப் பெட்டிக்குப் பொருந்தாவிட்டாலும் அடுத்த பெட்டிக்குப் பொருந்தும். அபாயப் பொருள்.

பெயின்ட் என்றால் எல்லாருக்கும் தெரியும், அபாயப் பொருளுக்கான ஐ.நா. எண் யு.என். 1263. ஆனால் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே கேன் ஒன்று டூல் கிட்டுக்குள் இருந்தாலும் அது யு.என். 1950. தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட்டில் காஸ் சிலிண்டர் இருக்கிறது, யு.என். 2990. ஆபத்துக்கால ரேடியோ கருவிகளுக்குள் லித்தியம் பேட்டரி. கருவியோடு சேராமல் தனியாகப் போகும் லித்தியம் அயான் பேட்டரிக்கு, யு.என். 3480, 2016 ஏப்ரல் 1 முதல் பயணி விமானத்தில் சரக்காக இடமில்லை. சரக்கு விமானத்தில் போகலாம், அதுவும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது.

இவற்றைச் சாதாரண பாகத்தோடு ஒரே பெட்டியில் போட்டால் மொத்தப் பெட்டியும் அபாயச் சரக்கு. அறிவிக்காமல் போட்டுப் பிடிபட்டால் அபராதம், சில நேரம் வழக்கு. ஆர்டர் போடும்போதே பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கி, 14ஆம் பிரிவைப் பாருங்கள். கொண்டுசெல்லும் விவரம் அங்கேதான் இருக்கும்.

#20 · செகண்ட்_ஜி

இதுல இன்னொண்ணு. பழுது பார்க்கக் கப்பல்ல இருந்து இறக்கற பழைய பாகம். பழைய ஃப்யூவல் பம்பைத் துடைச்சுட்டோம்னு நினைச்சு பேக் பண்ணி இறக்கினோம். விமானக் கம்பெனி கோடவுன்ல பெட்டி ஓரமா டீசல் கசிஞ்சிருக்கு. நாறுதுன்னு திருப்பிட்டாங்க. முழுசா வடிச்சு, கழுவி, எண்ணெயோ எரிபொருளோ மிச்சமில்லன்னு கடிதம் கொடுத்த பிறகுதான் ஏத்தினாங்க.

#21 · கிளியரிங்கண்ணன்

இறக்கற பாகத்துல அதைவிடப் பெரிய குழி ஒண்ணு இருக்கு. கப்பல்ல இருந்து எடுத்துக் கரையில வெச்ச அந்த நிமிஷமே அது அந்த நாட்டுக்கு இறக்குமதி. யாருக்கும் சொல்லாம வொர்க்ஷாப் வண்டில ஏத்தி அனுப்பிட்டா, பழுது பார்த்துத் திரும்பக் கப்பலுக்குப் போகும்போது வெளிய போறதுக்குக் காகிதமே இருக்காது. இறக்கும்போதே தற்காலிக இறக்குமதியாவோ பழுதுபார்ப்புக்கான நடைமுறையிலயோ பதிவு பண்ணணும். சீரியல் எண் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. உள்ள வரும்போது 'டர்போசார்ஜர் கார்ட்ரிட்ஜ்'னு எழுதினா வெளிய போகும்போதும் அதே வார்த்தைதான். 'ரோட்டர் அசெம்ப்ளி'ன்னு மாத்தி எழுதினா உள்ள வந்த பொருள் இன்னும் வெளிய போகலைன்னுதான் கம்ப்யூட்டர் சொல்லும்.

இப்ப உங்க பெட்டிக்கு வருவோம். மூணு வழி இருக்கு. திருப்பி வரவழைக்கறது: வேண்டாம், 11 நாள் போதாது. அங்கயே இறக்குமதியா வரி கட்டி எடுத்து மறுபடி ஏற்றுமதி பண்றது: ஆகும், ஆனா வரியைத் திரும்ப வாங்கறதுக்குள்ள தலை நரைச்சிரும். மூணாவது, இன்வாய்ஸைத் திருத்தி, கூரியர்கிட்ட இருந்து உள்ளூர் கிளியரிங் ஆளு பேருக்கு மாத்தி, டிரான்சிட்லயே அடுத்த நாட்டுக்கு அனுப்பறது. இதுதான் உங்களுக்கு.

திருத்தின இன்வாய்ஸை மேக்கரே கொடுக்கணும், நீங்க வேர்ட்ல மாத்தக்கூடாது. தேதி, எண் பழசுதான், 'திருத்தப்பட்டது'ன்னு தெளிவா இருக்கணும். கூரியர் ஏற்கனவே இறக்குமதிப் பதிவு போட்டிருந்தா அதை ரத்து பண்ணச் சொல்லி எழுத்துல கேளுங்க. ரத்து ஆகாம ரெண்டாவது பதிவு ஏறாது. கோடவுன் வாடகை நாள் கணக்குல ஓடிக்கிட்டிருக்கும், அதனால போன்ல பேசிட்டு மெயில் போடுங்க. மெயில் மட்டும் போட்டா நாளைக்குத்தான் பார்ப்பாங்க.

#22 · பர்ச்சேஸ்_புதுசு

மேக்கர்கிட்ட பேசிட்டேன், இன்னைக்கே தர்றேன்னாங்க. ஒரு சின்ன சந்தேகம். அடுத்த துறைமுகம் ஐரோப்பாவுல. அங்க வேற ஏதாவது கேப்பாங்களா?

#23 · கிளியரிங்கண்ணன்

ஐரோப்பிய ஒன்றியம்னா ஏர்போர்ட்ல இருந்து துறைமுகம் வரைக்கும் டி1 டிரான்சிட் காகிதம் போடுவாங்க. ஒரு எம்.ஆர்.என். எண் வரும், காலக்கெடு இருக்கும், கெடுவுக்குள்ள போய்ச் சேர்ந்ததா முடிச்சு வைக்கணும். முடிக்கலைன்னா கேரன்ட்டி கொடுத்தவர் கழுத்துல கத்தி. உங்க வேலை ஒண்ணுதான்: கப்பலோட வருகை நேரம் மாறினா உடனே ஏஜென்ட்டுக்குச் சொல்றது. வெள்ளி சாயங்காலம் பெட்டி போய், சனிக்கிழமை கப்பல்னா கவனமா இருங்க, எல்லா கஸ்டம்ஸ் ஆபீசும் வாரக் கடைசில ஒரே மாதிரி திறந்திருக்காது.

#24 · வரிப்புத்தகம்

கஸ்டம்ஸ் கேட்காவிட்டாலும் கப்பல் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டியில் கேஸ்கெட் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற அறிவிப்பு வாங்குங்கள். கடல் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்த விதிப்படி 2011 ஜனவரி 1 முதல் எந்தக் கப்பலிலும் ஆஸ்பெஸ்டாஸ் உள்ள பொருளைப் புதிதாகப் பொருத்தக் கூடாது. கப்பல் உடைப்பு, மறுசுழற்சிக்கான ஹாங்காங் ஒப்பந்தமும் 2025 ஜூன் 26 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. கப்பலின் அபாயப் பொருள் பட்டியலைப் புதுப்பிக்க, வாங்கும் பாகத்தோடு மெட்டீரியல் டிக்ளரேஷனும் சப்ளையரின் இணக்க அறிவிப்பும் வேண்டும். பிறகு துரத்தி வாங்குவது கஷ்டம், பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

#25 · அட்டைப்பெட்டி

கூரியரா ஃபார்வர்டரா (சரக்கை அனுப்பிக் கொடுக்கற ஏற்பாட்டாளர்)ங்கற கேள்விக்கு யாரும் நேரா பதில் சொல்லல. என் கணக்கு: காகிதம், சின்ன சாம்பிள்னா கூரியர். 30 கிலோவுக்கு மேல இருந்தாலோ கப்பல்ல நேரா ஏத்தணும்னாலோ கப்பல் பாகம் தெரிஞ்ச ஃபார்வர்டர்.

#26 · கிளியரிங்கண்ணன்

எடை பெரிய விஷயமில்ல அக்கா. 2 கிலோ சென்சாரும் கூரியர்ல மாட்டும். அந்தத் துறைமுகத்துல கூரியருக்கு டிரான்சிட் கிளியரன்ஸ் பண்ண அனுமதி இருக்காங்கறதுதான் கேள்வி. ஏஜென்ட்டுக்குத் தெரியும்.

#27 · அட்டைப்பெட்டி

எல்லா ஏஜென்ட்டும் பதில் சொல்றாங்களா என்ன! சரி, நான் எடையைத்தான் பார்ப்பேன்.

#28 · பர்ச்சேஸ்_புதுசு (13 நாள் கழிச்சு)

எல்லாருக்கும் நன்றி, முடிஞ்சதைச் சொல்லிடறேன். கூரியர் பழைய பதிவை ரத்து பண்ண 3 நாள். திருத்தின இன்வாய்ஸ்ல நாலு வரி, நாலுக்கும் தனித்தனி பேரு, கோடு, பாக எண், மதிப்பு. வாரன்ட்டி செட்டுக்கும் முழு மதிப்பு. பெட்டில முத்திரை இருந்துச்சு அக்கா, தப்பிச்சேன். டி1 போட்டு கப்பல் வர்றதுக்கு 20 மணி நேரம் முன்னாடியே துறைமுகம் போயிருச்சு. கோடவுன் வாடகை மட்டும் ஆபீஸ்ல பேச்சு வாங்கற அளவுக்கு.

ரசீதுலயும் ஒரு கூத்து. கப்பல்ல முத்திரை குத்தி கையெழுத்துப் போட்டாங்க, தேதி எழுதல. ஏஜென்ட் மறுபடி படகு அனுப்பித் தேதி வாங்கினார்.

#29 · செகண்ட்_ஜி

அது எங்காளுங்க வேலை, மன்னிச்சுருங்க. முத்திரை, பேரு, தேதி, பெட்டி எண்ணிக்கை, ஏர்வே பில் எண், அஞ்சும் இருக்கணும். பிரிச்சுப் பார்க்க நேரமில்லன்னா 'உள்ளடக்கம் சரிபார்க்கல'ன்னு எழுதிட்டுக் கையெழுத்துப் போடணும், அதையும் யாரும் பண்றதில்ல. பெட்டியைப் பிரிச்சாச்சா?

#30 · பர்ச்சேஸ்_புதுசு

பிரிச்சாச்சு. இப்பத்தான் கப்பலோட சீஃப் எஞ்சினியர்கிட்ட இருந்து மெயில் வந்துச்சு. எல்லாம் நல்ல நிலைமைல இருக்காம். ஆனா வாரன்ட்டி செட்டோட சீரியல் எண் பேக்கிங் லிஸ்ட்ல ஒண்ணு, பீஸ்ல வேற ஒண்ணாம்.

#31 · கிளியரிங்கண்ணன்

பொருத்தறதுக்கு முன்னாடி போட்டோ எடுக்கச் சொல்லுங்க தம்பி. எண் தெரியற மாதிரி.